நானோ டிரம்மும் சுண்ணாம்பு மூட்டையும்

எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற வேலை செய்பவர்களுக்குத்தான் மரியாதை. காப்பி பறிப்பவர் கூடையைக் காட்டலாம். ஏற்காட்டில் லாட்ஜ் வைத்திருப்பவர் லாட்ஜைக் காட்டலாம். என்னிடம் வந்து நீ என்ன செய்கிறாய் என்று கேட்டால் ஒரு குப்பிக் கறுப்புத் தண்ணீரைத்தான் காட்ட முடியும். அதற்குள் இரும்புத் துகள்கள் மிதக்கின்றன, அவை கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியவை, பட்டறைக் கழிவு நீரில் கரைந்திருக்கும் தாமிரம், நிக்கல் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார். சேலத்தில் ஒரு கல்லூரியில் இந்தத் துகள்களுக்காகவே ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். வீடு ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில். தினமும் மலை இறங்கி மலை ஏறுகிறேன், நடுவில் அகப்படுகிற எல்லோரிடமும் நானோ நானோ என்று பேசுகிறேன்.

துகளைச் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இலையைக் கொதிக்க வைத்துச் சாறு இறக்கி, இரும்பு உப்புக் கரைசலில் ஊற்றினால், இலையின் துவர்ப்புச் சத்து இரும்பைத் துகளாக்கிவிடும். உலகத்தில் பலரும் தேயிலையில் செய்கிறார்கள், வேப்பிலையில் செய்கிறார்கள். நான் காப்பி இலையில் செய்தேன். எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் நிற்கிற சில செடிகளில் இலை பறித்துத் துகள் செய்து, கல்லூரியில் தாமிரம் கலந்த தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது, தாமிரம் ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கருத்தரங்கில் வைத்த சுவரொட்டியில் துகளின் படத்தை மூலையில் சின்னதாகப் போட்டுவிட்டு, எங்கள் தோட்டத்தின் படத்தை நடுவில் பெரிதாகப் போட்டேன். அந்தப் படத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நானும் இருந்தேன்.

இந்த மண்டைக்கனத்தோடுதான் போன கோடையில் மாமாவின் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மாமா என்றால் தாய்மாமன், அம்மாவின் தம்பி. எனக்குக் காது குத்தும்போது அவர் மடியில் உட்கார்ந்து வலி தாங்காமல் அவர் கையைக் கடித்து வைத்தேனாம். அந்தத் தழும்பை எல்லாக் கல்யாணத்திலும் எடுத்துக் காட்டுவார். சேலத்தில் அவருக்கு ஒரு முலாம் பட்டறை இருக்கிறது. பித்தளைக் கைப்பிடி, கதவுக் கொண்டி இவற்றுக்கு முதலில் தாமிரம் பூசி, மேலே நிக்கல் ஏற்றிப் பளபளவென்று அனுப்புவார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு பொருளைத் தண்ணீரில் அலசுவார்கள். அந்த அலசு தண்ணீர்தான் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுத்துப் போயிருந்தார்கள். உலோகம் வரம்பைத் தாண்டியிருந்தது. மழைக்காலத்தில் மறுபடி வருவோம், அப்போதும் இப்படியே இருந்தால் கரண்டைத் துண்டித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். முலாம் பட்டறையில் கரண்ட் இல்லை என்றால் அது வெறும் தொட்டிகள் நிற்கிற கொட்டகைதான். மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது, கற்றுக்கொள்கிற வயதும் தாண்டிவிட்டது. பயந்துபோய், ஆனால் சும்மா இருக்காமல், சுண்ணாம்புத் தொட்டி கட்டித் தருகிற ஒருவரிடம் பேசி வைத்திருந்தார். கழிவு நீரில் சுண்ணாம்பைக் கலக்கினால் உலோகம் சேறாகப் படிந்துவிடும், தெளிந்த தண்ணீரைத் தனியாக எடுத்துவிடலாம். எல்லோரும் காலம் காலமாகச் செய்கிற வழி.

அத்தை வைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தவள், இதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தேன்.

“ஏனுங்க மாமா, ஊட்டுக்குள்ளயே ஒருத்தி ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கறப்ப சுண்ணாம்புக்கு எதுக்குங்க போறீங்க?”

“அது நல்லா கேக்கும்ங்கறாங்களே கண்ணு.”

“சேறு நொம்ப சேருமுங்க. அதெல்லாம் அந்தக் காலத்து வழி. நான் பாத்துக்கறனுங்க.”

மாமா எழுந்து போய்க் கையைக் கழுவினார். பிறகு போனை எடுத்து அந்தத் தொட்டிக்காரரைக் கூப்பிட்டு, “வேண்டாமுங்க. எங்க புள்ள நானோ போடறாளுங்க” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

சமையலறைக்குப் பின்னால் நிற்கிற செடிகளின் இலை குப்பிக்குப் போதும், பட்டறைக்குப் போதாது. மூட்டைக் கணக்கில் இலை வேண்டும், அது சரிவில் இருக்கிற பெரிய தோட்டத்தில்தான் கிடைக்கும். மழை தொடங்குவதற்கு முன்னால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அது எங்கள் மலையில் காப்பிச் செடிக்கு மருந்து அடிக்கிற காலம். மழையில் இலைத்துரு நோய் வராமல் இருக்க போர்டோ கலவை அடிப்போம். மயில்துத்தத்தை ஒரு தொட்டியில் கரைத்து, தண்ணீர் ஊற்றி நீற்றிய சுண்ணாம்பை இன்னொன்றில் கரைத்து, இரண்டையும் சேர்த்துக் கலக்கினால் வான நீலத்தில் ஒரு கலவை வரும். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. அரிவாளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அதில் முக்கி எடுக்க வேண்டும். இரும்பின்மேல் சிவப்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். அரிவாள் வெள்ளையாகவே வந்தால் அடிக்கலாம்.

எங்கள் வீட்டில் அரிவாள் முக்குவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. அந்த வருடமும் நான்தான் முக்கினேன். நான்தான் “சரிங்கப்பா, அடிக்கலாமுங்க” என்றேன். அப்பா தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் போக, நான் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். என் சட்டையெல்லாம் நீலப் புள்ளி. நகமெல்லாம் நீலம்.

அந்த வாரமே அதே தோட்டத்தில் மூட்டை மூட்டையாக இலை பறித்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். மயில்துத்தம் என்பது தாமிர உப்பு, வேறொன்றும் இல்லை. தாமிரத்தை எடுக்கிற மருந்துக்காக, தாமிரம் அடித்த இலையை, தாமிரம் அடித்த கையாலேயே பறித்துக்கொண்டிருந்தேன். சமையலறைக்குப் பின்னால் நிற்கிற செடிகளுக்கு நாங்கள் மருந்து அடிப்பதில்லை, அதனால்தான் குப்பியில் பலித்தது. நான் தனியாகக்கூடப் பறிக்கவில்லை. அப்பா கூடவே பறித்தார், அம்மா சாக்கைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேருக்குமே ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் மருந்து என்பது செடிக்கு, நானோ என்பது கல்லூரிக்கு. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருந்தும் இடையில் கதவே திறக்காமல் வாழ்ந்திருக்கிறேன். அம்மா மட்டும், “இலை மேல நீலமா இருக்குது, கழுவிப் போடு சாமி” என்றார். கழுவினேன், ஒரு தடவை, தூசு போகிற அளவுக்கு. போர்டோவின் சிறப்பே மழையில் கழுவிக்கொண்டு போகாமல் இலையில் ஒட்டிக்கொள்வதுதான் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர், “ஆட்டுக்குங்களா?” என்று கேட்டார். அவருக்கு அடிவாரம் வரைக்கும் நானோவைப் பற்றி வகுப்பு எடுத்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, பின் சீட்டில் சுற்றுலா வந்த ஒரு குடும்பம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு வளைவுதான் காரணமா, என் பேச்சும் ஒரு காரணமா என்று இப்போது யோசிக்கிறேன்.

புதிய இலையில் செய்ததை முதலில் ஒரு குப்பி அளவில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். இலைச்சாற்றை மட்டும் தனியாகவும் சோதித்திருக்க வேண்டும். இதைச் செய்யாத இளைய மாணவர்களை நான் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். ஆனால் எனக்கு அப்போது அவசரம். அதைவிட, என் இலையைச் சந்தேகப்படுவது என் குடும்பத்தைச் சந்தேகப்படுவது போல இருந்தது.

பட்டறையில் அன்று திருவிழாதான். மாமா பக்கத்துப் பட்டறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். அத்தை எல்லோருக்கும் பஜ்ஜி போட்டிருந்தார். ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் நிறைய என் கறுப்புக் கரைசல். மாமா யாரையோ விட்டு அதன்மேல் பெயிண்டால் ‘நானோ’ என்று எழுத வைத்திருந்தார். நான் கல்லூரியிலிருந்து வெள்ளைக் கோட்டு கொண்டுபோயிருந்தேன், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டேன். மூடியைத் திறந்ததும் பட்டறை முழுக்கக் கஷாய வாசம்.

“சக்கரை போட்டாச்சுங்களா?” என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அறிவியலாளர் என்பதால் சிரிக்கவில்லை. அலசு தண்ணீர்த் தொட்டியில் கரைசலை ஊற்றிக் கலக்கினேன், துகள் படியும் வரை காத்திருந்தேன், மேல் தண்ணீரை ஒரு குப்பியில் எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். அதுவரைக்கும் ஒரு சின்ன உரையும் ஆற்றினேன். அதில் ‘எதிர்காலம்’ என்ற சொல் பலமுறை வந்தது.

முடிவு போனில் வந்தது. தாமிரம் குறையவில்லை. கூடியிருந்தது.

மாமா என்னிடம் அதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. “எங்கியோ தப்பு நடந்திருக்கும் கண்ணு, பாரு” என்றார். எனக்கு உடனே வழி கிடைத்துவிட்டது. பரிசோதனைக்கூடத்தின் கருவி சரியில்லை என்றேன். குப்பியைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள் என்றேன். பட்டறைத் தண்ணீரில் வேறு எதையோ கலக்கிறார்கள் என்று மாமாவின் ஆட்கள்மேலேயே பழி போட்டேன். என் துகளை மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரிக்குப் போய் நானே சோதித்தேன். எங்கள் கருவியும் அதையே சொன்னது, அப்போதும் கருவியைத்தான் முறைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மலையில் மழை பிடித்துவிட்டிருந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினேன். மருந்து அடித்தபோது போட்டிருந்த என் பழைய சட்டை கைக்கு வந்தது. அம்மா பலமுறை துவைத்தும் புள்ளிகள் போகவில்லை. நீல நீலமாக, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும். மழையில் நனைந்துகொண்டே அந்தச் சட்டையைப் பிடித்தபடி நின்றேன். அம்மா உள்ளே இருந்து, “ஏங் கண்ணு, என்னாச்சு?” என்று கேட்டார். என்ன சொல்வது? என் துகள்கள் மேல் குற்றமே இல்லை. வேலைக்குப் புறப்படுகிறபோதே வீட்டிலேயே வயிறு முட்டத் தாமிரம் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கின்றன.

மறுநாள் கல்லூரியில் வெறும் இலைச்சாற்றைச் சோதித்தேன். தேவைக்கு மேல் தாமிரம் இருந்தது. ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுகை வந்தது. அவமானத்துக்காக அழவில்லை. மழை வந்துவிட்டது, அதிகாரிகள் எந்த நாளும் வரலாம், மாமாவின் பட்டறை நின்றுவிடும். நான் வாயை மூடிக்கொண்டு பேசாமல் கோழிக் குழம்பைச் சாப்பிட்டிருந்தால், அந்தச் சுண்ணாம்புத் தொட்டி எப்போதோ கட்டி முடிந்திருக்கும்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். மாமா தொட்டியோரம் நின்று கைப்பிடிகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அது எங்க தோட்டத்து மருந்துங்க. மயில்துத்தம். நாங்க அடிச்ச இலையவே நான் பறிச்சுட்டு வந்துட்டனுங்க.”

அவர் கோப்பதை நிறுத்தவில்லை. “அப்ப நானோ கெட்டது இல்ல.”

“நானோ நல்லதுதானுங்க. நாந்தான்...”

“செரி உடு. இப்ப என்ன பண்ணோணும்?”

தொட்டிக்காரரைக் கூப்பிட்டார். அவர் வேறு ஊரில் வேலை எடுத்துவிட்டார், தீபாவளிக்கு அப்புறம்தான் வர முடியும் என்றார். மாமா போனை வைத்துவிட்டு முதல் முறையாகச் சுவரோரம் உட்கார்ந்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“சுண்ணாம்பு இருந்தா நானே பண்றனுங்க மாமா” என்றேன். “சுண்ணாம்பு நீத்த எனக்குத் தெரியும்.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அரிவாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெள்ளைக் கோட்டை விட்டுவிட்டு அந்த நீலப் புள்ளிச் சட்டையைப் போட்டிருந்தேன். கண்ணாடியையும் கையுறையையும் மட்டும் விடவில்லை, சுண்ணாம்பு கொதிக்கும்போது தெறிக்கும். தோட்டத்தில் செய்வதுபோலவே சுண்ணாம்பை நீற்றி, கரைத்து, துணியில் வடிகட்டி அலசு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். தண்ணீர் கலங்கி வான நீலமாக மாறியது. எத்தனையோ வருடமாகப் பார்த்த அதே நீலம். அரிவாளைத் தேய்த்து முக்கினேன். சிவந்தது. இன்னும் சுண்ணாம்பு. மறுபடி முக்கினேன், லேசாகச் சிவந்தது.

அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இரும்பு தன்னைக் கொஞ்சம் கரைத்துக்கொடுத்துவிட்டு, தண்ணீரில் இருக்கிற தாமிரத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. என் துகள்கள் செய்வதும் பெரும்பாலும் இதைத்தான். என் ஆராய்ச்சியின் முதல் அத்தியாயம் அரிவாள் முனையில் இருக்கிறது, அதைப் பாவாடை கட்டிய காலத்திலிருந்து நானே தொட்டியில் முக்கிக்கொண்டிருக்கிறேன். அதை வேறு நாட்டுக்காரர்களின் கட்டுரைகளில் படித்து, புதிதாகக் கேள்விப்படுகிறவள்போல வாய் பிளந்திருக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அரிவாள் வெள்ளையாக வந்தது. அரிவாளை மட்டும் நம்பிவிடாமல், நிக்கலும் படிகிற அளவுக்குக் காரம் ஏறியிருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன், அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது. சேறு படிந்த பிறகு தெளிந்த தண்ணீரை மணலில் வடிகட்டி, காரத்தைக் குறைத்து, குப்பியில் எடுத்து அனுப்பினோம். முடிவு வருகிற வரை நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. வரம்புக்குள் இருக்கிறது என்று போன் வந்தது. பிறகு அதிகாரிகள் வந்து அவர்களும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள், அதுவும் தேறியது. கரண்ட் போகவில்லை. உலோகச் சேற்றைச் சாக்கில் கட்டி, அப்படிப்பட்ட கழிவை எடுத்துப்போகிற வண்டிக்காக ஓரமாக வைத்தோம். “நீலமாத்தான இருக்குது, செடிக்கு அடிக்கலாமா?” என்று அன்று பட்டறைக்கு வந்திருந்த அப்பா கேட்டார். இந்தக் குடும்பம் இன்னும் பாடம் கற்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் நிம்மதி. ஆனால் மாமா எல்லாக் கல்யாணத்திலும் காதுகுத்திலும், தழும்பைக் காட்டி முடித்த கையோடு, “எம் மருமக நானோ போட்டுத்தான் பட்டறையக் காப்பாத்துனா” என்று சொல்ல ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. எனக்கோ ஒவ்வொரு தடவையும் பந்தியில் சாப்பாட்டு இலை முன்னால் உட்கார முடியவில்லை. மாமாவுக்கு உண்மையிலேயே புரியவில்லையோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. ஒருநாள் தனியாகப் பிடித்து, “அது சுண்ணாம்புங்க மாமா” என்றேன். “செரி செரி” என்று போய்விட்டார்.

ஆயுத பூஜைக்குப் பட்டறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் வாழைக்கன்று. உள்ளே எல்லாத் தொட்டிக்கும் சந்தனம், குங்குமம். நடுவில், போகிற வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில், அந்த நீல டிரம். ‘நானோ’ என்ற எழுத்துக்குக் கீழே பெரிய பொட்டு, மேலே சாமந்தி மாலை. உள்ளே ஒன்றும் கிடையாது, நான்தான் அதை எப்போதோ காலி செய்து கழுவி வைத்திருந்தேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் டிரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் அங்கே நிற்க முடியாமல் பின்பக்கம் போனேன். மூலையில் ஒரு தார்ப்பாய் மூடியிருந்தது. அதற்குள்தான் சுண்ணாம்பு மூட்டைகள். யாரும் பார்த்துவிடாதபடி சுற்றிலும் இழுத்துக் கட்டி, மேலே காலி அட்டைப்பெட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தார் மாமா. அப்போதுதான் புரிந்தது. அவருக்குப் புரியாமல் இல்லை. என் மானத்துக்குத்தான் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறார். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறவரிடம் நான் போய் உண்மையைச் சொல்லித் தொந்தரவு செய்திருக்கிறேன்.

பட்டறையை உண்மையில் காப்பாற்றியதற்கு ஒரு பொட்டாவது வைக்கலாம் என்று, தட்டிலிருந்து கொஞ்சம் குங்குமம் எடுத்துக்கொண்டு வந்து தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினேன்.

மூட்டை ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் ஏற்கெனவே வைத்திருந்தது. ஒன்றின்மேல் எலுமிச்சம்பழம்கூட இருந்தது.

பின்னால் மாமா வந்து நின்றார். என் கையிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார், தார்ப்பாயை வாங்கிப் பழையபடி இழுத்து மூடினார்.

“வா கண்ணு, சுண்டல் ஆறுது” என்றார்.